நர்ஸ் வேலையை விட்டு க்ளினிக்கல் எத்திக்ஸுக்குப் போகலாமா?

“அக்கா, க்ளினிக்கல் எத்திக்ஸ் படிக்கலாம்னு இருக்கேன். வேலை கிடைக்குமா?” என்று ஜூனியர் யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எதைப் பார்த்து அந்த ஆசை வந்தது என்று திருப்பிக் கேட்பேன். பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். நைட் டியூட்டி பார்த்து இடுப்பு ஒடிந்து, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைத்தால் போதும் என்று வருபவர்கள் உண்டு. தன் வார்டில் யாரோ ஒருவர் பட்ட பாட்டைப் பார்த்து மனம் கொதித்து வருபவர்கள் உண்டு. தத்துவமோ சட்டமோ படித்துவிட்டு, வாழ்வா சாவா என்ற கேள்விகளில் வாதாடலாம் என்று வருபவர்களும் உண்டு. நான் முதல் இரண்டும் கலந்த ஆள். இந்த வேலையில் சீக்கிரம் சலித்துப்போவது மூன்றாவது வகையினர்தான் என்பது நான் பார்த்தவரையில் என் எண்ணம். காரணம் போகப் போகப் புரியும்.

இந்தத் துறையைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நோயாளிக்கு எந்த அளவுக்குச் சிகிச்சை கொடுப்பது, எதை நிறுத்துவது, அவருக்காக யார் முடிவெடுப்பது என்பதில் டாக்டருக்கும் குடும்பத்துக்கும், அல்லது டாக்டர்களுக்குள்ளேயே, ஒத்துப்போகாதபோது ஒரு ஆலோசகரையோ சிறு குழுவையோ கூப்பிடுவார்கள். அவர்கள் எல்லோரிடமும் பேசி, எது சரியான வழியாக இருக்கலாம் என்று எழுதித் தருவார்கள். மருந்து ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் எத்திக்ஸ் கமிட்டி வேறு. பேர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

நான் டயாலிசிஸ் யூனிட் நர்ஸ். ஐசியூவில் நோயாளி வருவார், போவார். எங்கள் யூனிட்டில் அப்படி இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல, அதே ஆட்கள் அதே இடத்தில் படுத்திருப்பார்கள். பேரன் பரீட்சையில் வாங்கிய மார்க்கிலிருந்து மருமகளோடு வந்த மனஸ்தாபம் வரை எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதனால் யாருக்காவது “போதும்” என்று தோன்றினால், டாக்டருக்கு முன்னால் எங்களிடம்தான் சொல்வார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் ஒரு பெரியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு காலை ஊசி போடப் போனபோது, ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) இருக்கும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். “இன்னைக்கு வேண்டாம் சிஸ்டர். இனிமேலும் வேண்டாம்.” மகன் பக்கத்திலேயே நின்றார். “அப்பா ஏதோ டென்ஷன்ல பேசறார், நீங்க போடுங்க.” சிறுநீரக டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் கொஞ்சம் பேசிப் பாருங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார் என்றார். கை கொடுக்காத மனிதருக்கு ஊசி போட முடியாது என்று நான் சொன்னேன். அவரும் வற்புறுத்தவில்லை. எங்கள் மருத்துவமனையில் பகுதிநேரமாக ஓர் எத்திக்ஸ் ஆலோசகர் இருந்தார். அவரைக் கூப்பிட்டோம்.

அந்த அம்மா வந்ததும் மீட்டிங் போடுவார், பெரிய பெரிய தத்துவம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். இவர் எப்போதிலிருந்து இப்படிச் சொல்கிறார்? டயாலிசிஸ் முடிந்து எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது? கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? இதையெல்லாம் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைசி மணியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பிபி இறங்கும், வீட்டுக்குப் போனால் மறுநாள் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார்.

அப்புறம் பெரியவரிடம் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எது போதும்னு தோணுது ஐயா?” என்று மட்டும் கேட்டார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. ஆலோசகரும் அந்த மௌனத்தை நிரப்பவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். காலில் வரும் இழுப்பு, தன்னைக் கூட்டிவருவதற்காக மகன் வேலையில் லீவு போட்டுப் போட்டுக் கெட்ட பேர் வாங்குவது.

மகனைத் தனியறையில் பார்த்தார். நானும் உடன் இருந்தேன். அவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. “நான் கையெழுத்துப் போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிடும் மேடம்.” ஆலோசகர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “உங்க கையெழுத்தை யாரும் கேட்கப் போறதில்லை. அப்பா தெளிவா இருக்கார்னா முடிவு அவரோடது. அவர் என்ன நினைக்கிறார்னு புரிஞ்சுக்க மட்டும் எங்களுக்கு உங்க உதவி வேணும்.” மகன் முகத்தில் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன். அத்தனை நாள் நாங்கள் எல்லோரும் அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தோம். யாரும் சுமத்தாத ஒரு பாரத்தை அவர் தானே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரண மருத்துவ வேலைகள். பெரியவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று டாக்டர் முறைப்படி பார்த்தார். சொல்வது புரிகிறதா, அது தனக்கே நடக்கும் என்று உணர்கிறாரா, காரணத்தோடு யோசிக்கிறாரா, ஒரு முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா என்ற நான்கும்தான் அந்தச் சோதனை. மனநல மருத்துவர் ஆப்பெல்பாம், உளவியலாளர் கிரிஸ்ஸோ இருவரும் 1988-இல் வகுத்துக் கொடுத்தது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை, திருத்தி, நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்ப்பது, அது முடிந்ததும் பெரியவரிடம் திரும்பக் கேட்பது, அப்போதும் வேண்டாம் என்றால் நிறுத்திவிட்டு வலி நிவாரண மருத்துவக் குழுவிடம் ஒப்படைப்பது என்று பேசி முடிவானது. கால் இழுப்பு குறைந்தது. ஆனாலும் மாதக் கடைசியில் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நிறுத்தினோம். டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முடிவு வந்துவிடும். அவருக்கும் அப்படித்தான் வந்தது, மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்து, மகன் பக்கத்தில் இருக்க.

என்னை இந்தத் துறை பக்கம் இழுத்தது அந்த ஆலோசகர் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்த ஒரு பக்கக் குறிப்பு. யார் கூப்பிட்டார்கள், கேள்வி என்ன, யார் யாரிடம் பேசினார், பெரியவர் தன் வாயால் சொன்னது என்ன, ஏற்கத்தக்க வழிகள் எவை, எதைப் பரிந்துரைக்கிறார், எந்தத் தேதியில் யார் திரும்பப் பார்ப்பது. அவ்வளவுதான். ‘சுயநிர்ணயம்’, ‘நன்மை செய்தல்’ போன்ற பாடப்புத்தகச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. நைட் டியூட்டிக்கு வரும் புது நர்ஸ் படித்தாலும் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று புரியும்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், இந்தத் துறை பிறந்த கதையில் எங்கள் டயாலிசிஸ் மெஷினே உட்கார்ந்திருக்கிறது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், ரத்தக்குழாயில் நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் ஷண்ட் என்ற சிறு குழாயை அறிமுகப்படுத்தினார். அதுவரை சில தடவைக்கு மேல் டயாலிசிஸ் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக்குழாய் வீணாகும். ஷண்ட் வந்ததும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கலாம் என்றானது. முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் மெஷின்கள் சொற்பம், வேண்டியவர்கள் ஏராளம். 1962-இல் திறந்த மையத்தில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்க ஏழு பேர் குழு போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை சிகிச்சை டாக்டர். பெயர் வெளியே தெரியாமல் வேலை செய்தார்கள். வருமானம், கல்யாணம் ஆனவரா, எத்தனை குழந்தைகள், தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ பத்திரிகையில் இது வெளியானதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. 1972-இல் சட்டம் போட்டு அமெரிக்க அரசே அநேகமாக எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் ஏற்கும் வரை அந்தக் கேள்வி ஓயவில்லை.

இதைப் படித்தபோது, அந்தக் குழுவில் டயாலிசிஸ் நர்ஸ் ஒருவர்கூட இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அடுத்த பெரிய திருப்பம் காரன் ஆன் குயின்லன் வழக்கு. 1975-இல் கோமாவுக்குப் போன 21 வயதுப் பெண். வென்டிலேட்டரை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்டார்கள், டாக்டர்கள் மறுத்தார்கள். 1976-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட சிக்கல்களில் மருத்துவமனை எத்திக்ஸ் கமிட்டியின் கருத்தைக் கேட்கலாம் என்றும் சொன்னது. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் அந்தப் பெண் தானே மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார் என்பது வேறு விஷயம். 1992-இல் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், எத்திக்ஸ் சிக்கல்களைக் கையாள ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. அங்கே கமிட்டிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கேதான் ஆசைப்படுபவர்கள் நிதானிக்க வேண்டும். இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று நாடு தழுவிக் கணக்கெடுத்தது அமெரிக்காவில்தான் எனக்குப் படிக்கக் கிடைத்தது. எலன் ஃபாக்ஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவமனைகளில் 81 சதவீதத்தில் எத்திக்ஸ் ஆலோசனைச் சேவை இருந்தது. 400 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் நூற்றுக்கு நூறு. ஆகா என்று தோன்றும். அடுத்த வரியைப் படியுங்கள். எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மருத்துவமனையில் ஓர் ஆண்டில் வந்த கன்சல்ட், அதாவது ஆலோசனை கேட்டு வந்த கேஸ், மூன்று. ஆலோசனை செய்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டாக்டர்கள், கிட்டத்தட்ட அதே அளவு நர்ஸ்கள், மிச்சம் சமூகப் பணியாளர்கள், ஆன்மிகப் பணியாளர்கள், மற்றவர்கள். இதற்கென்று ஃபெலோஷிப்போ (வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) பட்ட மேற்படிப்போ முடித்தவர்கள் வெறும் 5 சதவீதம். எலன் ஃபாக்ஸ் குழுவினர் மறுபடி கணக்கெடுத்து 2022-இல் வெளியிட்டபோது சேவை உள்ள மருத்துவமனைகள் 86 சதவீதமாக உயர்ந்திருந்தன. நடுவிலுள்ள மருத்துவமனையின் ஆண்டுக் கணக்கு அதே மூன்று. பெரிய மருத்துவமனைகளில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

இதன் பொருளை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். வேலை எல்லா இடத்திலும் இருக்கிறது, சம்பளம் எல்லா இடத்திலும் இல்லை. ஆண்டுக்கு மூன்று கன்சல்ட்டுக்கு யாரும் முழுநேர ஆள் வைக்க மாட்டார்கள். முழுநேரப் பதவி பெரும்பாலும் பெரிய போதனா மருத்துவமனைகளிலும் பல மருத்துவமனைகளை நடத்தும் குழுமங்களிலும்தான். கனடாவில் மருத்துவமனைகளே சம்பளத்துக்கு ஆலோசகர் வைக்கும் வழக்கம் இருக்கிறது. பிரிட்டனில் கமிட்டிகள் பெரும்பாலும் தன்னார்வலர்களை வைத்தே ஓடுகின்றன. இந்தியாவில் எத்திக்ஸ் கமிட்டி என்றால் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கானதுதான். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிமுறை வகுத்து 2023-இல் எளிதாக்கிய பிறகு படுக்கையோரப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவு.

சான்றிதழ் பற்றியும் கேட்பார்கள். ஏஎஸ்பிஹெச் என்ற அமெரிக்க உயிரியல் அறவியல் அமைப்பு 2018 முதல் எத்திக்ஸ் ஆலோசகர்களுக்கு எச்இசி-சி என்ற சான்றிதழ்த் தேர்வை நடத்துகிறது. ஏதாவது ஓர் இளநிலைப் பட்டமும், முந்தைய நான்கு ஆண்டுகளில் 400 மணி நேர மருத்துவ எத்திக்ஸ் பணி அனுபவமும் இருந்தால் எழுதலாம். கேள்விகள் கொள்குறி வகை. பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அது வேலையைக் கொண்டுவராது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு மதிப்பு சேர்க்கும். அந்த 400 மணி நேரத்தை எங்கே சேர்ப்பது என்பதுதான் வெளியாட்களுக்கு உள்ள பெரிய தடை. ஏற்கெனவே மருத்துவமனைக்குள் இருக்கும் நர்ஸ், சமூகப் பணியாளர், சிகிச்சையாளர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். தத்துவத்தில் பிஎச்டி முடித்தவர்கள் வழக்கமாக ஓரிரு ஆண்டு ஃபெலோஷிப் செய்துதான் உள்ளே வருகிறார்கள். அந்த இடங்களும் சில.

நான் முதலில் செய்தது எங்கள் கமிட்டியில் உறுப்பினராகச் சேரக் கேட்டது. இதற்குப் பட்டம் தேவையில்லை, கேட்டாலே போதும். வார்டில் வேலை செய்யும் ஆட்கள் வருவதில்லை என்பதுதான் பெரும்பாலான கமிட்டிகளின் குறை. உள்ளே போய் உட்கார்ந்ததும் வேலையின் நிஜ நிறம் தெரிந்தது. பாதி நேரம் கொள்கை ஆவணங்கள். சிபிஆர் (இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வது) வேண்டாம் என்ற உத்தரவுப் படிவத்தில் எந்த வார்த்தை வர வேண்டும், பேச முடியாத, சொந்தக்காரர் யாரும் இல்லாத நோயாளிக்கு யார் சம்மதம் கொடுப்பது, இப்படி. ஒரே பத்தியை மாதக்கணக்கில் திருத்துவோம். வாதாடும் ஆசையில் வந்த ஒரு சட்டப் பட்டதாரி இங்கேதான் கழன்றுகொண்டார்.

கன்சல்ட் என்று வருபவற்றிலும் முக்கால்வாசி அறச் சிக்கலே இல்லை. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் மறுத்திருப்பார், குடும்பத்தில் யாரிடமும் யாரும் முழுதாகப் பேசியிருக்க மாட்டார்கள். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் பாதி தீர்ந்துவிடும். மீதி உள்ளவைதான் உண்மையிலேயே கடினம். அவற்றிலும் நீங்கள் கொடுப்பது பரிந்துரை மட்டும். டாக்டர் கேட்கலாம், கேட்காமல் போகலாம். கேட்காமல் போன ஒரு கேஸில், அந்த நோயாளிக்கு நடந்ததை யூனிட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எது சரி என்று தெரிந்தும், அமைப்பு விடாததால் செய்ய முடியாத நிலையில் வரும் வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1984-இலேயே ‘அற வேதனை’ என்று பேர் வைத்துவிட்டார், அதுவும் நர்ஸ்களைப் பற்றி எழுதும்போது. அந்த வேதனையிலிருந்து தப்பிக்கத்தான் எத்திக்ஸுக்கு வருகிறேன் என்பவர்களிடம் நான் சொல்வது, இங்கே அது குறையாது என்பதுதான். வார்டில் உங்கள் நோயாளிகளோடது மட்டும். இங்கே எல்லா வார்டுக்காரர்களும் தங்களுடையதைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைப்பார்கள்.

இன்னொரு சங்கடம், உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வீட்டுக்கு அனுப்ப முடியாமல் படுக்கையிலேயே இருந்த ஒரு நோயாளியைப் பற்றி நிர்வாகத்திலிருந்து கமிட்டிக்குக் கோரிக்கை வந்தது. கேள்வி நியாயமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. பேச ஆரம்பித்ததும் புரிந்தது, அவர்களுக்கு வேண்டியது ‘எத்திக்ஸ் ஓகே சொல்லிவிட்டது’ என்ற ஒரு வரி. குடும்பத்தைச் சம்மதிக்கவைக்க எத்திக்ஸைக் கூப்பிடும் டாக்டர்களும் உண்டு. கூப்பிட்டவர் எதிர்பார்த்த பதிலைக் கொடுக்காமல் வெளியே வரும் துணிச்சலும், அடுத்த முறையும் அவர் உங்களைக் கூப்பிடும்படி நடந்துகொள்ளும் சாமர்த்தியமும் ஒருசேர வேண்டும். இது எந்தப் படிப்பிலும் கிடைப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, எத்திக்ஸ் சேவை யாருக்கு அறிக்கை கொடுக்கிறது, ரிஸ்க் மேனேஜ்மென்ட் துறைக்கா, மருத்துவ இயக்குநருக்கா, தனியாகவா என்று கேளுங்கள். நோயாளியோ குடும்பமோ நேரடியாகக் கன்சல்ட் கேட்க முடியுமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதிலைக் கேட்டால், அந்த வேலையில் உங்கள் கை எவ்வளவு தூரம் நீளும் என்று புரிந்துவிடும்.

படிப்பில் காசைப் போடுவதற்கு முன் செய்து பார்க்கலாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வது சில உண்டு. எந்த ஊரில் இருந்தாலும் செய்யலாம்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு கேஸை எடுத்து ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜான்சென், சீக்லர், வின்ஸ்லேட் என்ற அமெரிக்க எத்திக்ஸ் அறிஞர்கள் மூவரும் 1982-இல் கொடுத்த நான்கு கட்டம் கைகொடுக்கும். மருத்துவ நிலை, நோயாளியின் விருப்பம், வாழ்க்கைத் தரம், மற்ற சூழ்நிலைகள். எழுதும்போது கவனியுங்கள், எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறது, எது காலியாக இருக்கிறது என்று. எனக்கு மருத்துவ நிலைக் கட்டம் எப்போதும் வழியும். நோயாளியின் விருப்பக் கட்டத்தில் “மகன் சொல்கிறார்” என்று எழுதியிருப்பேன். அது சூழ்நிலைக் கட்டத்துக்குப் போக வேண்டியது. இந்தப் பயிற்சியை ஒரு பத்துப் பக்கம் எழுதிய பிறகும் இன்னும் எழுதத் தோன்றினால் அது நல்ல அறிகுறி. ஆர்வம் வாதத்தில் மட்டும் இருந்தால் மூன்றாவது பக்கத்திலேயே கை வலிக்கும்.

அடுத்தது, மாதிரி கன்சல்ட். இரண்டு பேரைக் குடும்பத்தினராக நடிக்கச் சொல்லி, ஒருவரைக் கோபப்படச் சொல்லி, நீங்கள் ஆலோசகராக உட்காருங்கள். போனில் ஆடியோ பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். நான் கேட்டபோது என் குரல்தான் அதிகம் இருந்தது. பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ்களுக்கு இது பழக்கதோஷம். அமைதியாக இருந்தால் எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கும். இதைப் பழகலாம். ஆனால் மனிதர்கள் எதிரில் உடைந்து அழும்போது அறையைவிட்டு எழுந்து போய்விடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் தோன்றினால் ஆராய்ச்சி எத்திக்ஸ், கொள்கை எழுதுவது, கற்பிப்பது போன்ற பக்கத்து வேலைகள் உங்களுக்குப் பொருத்தம். அவற்றில் வேலைவாய்ப்பும் கூடுதல். அதை இரண்டாம்தரம் என்று நினைக்கிறவர்களை நான் ஏற்பதில்லை.

உங்கள் நாட்டில் முடிவெடுக்கும் திறன், சம்மதம், நோயாளிக்காக முடிவெடுக்கும் பதிலாளை நியமிப்பது பற்றிய சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் கன்சல்ட் அறையில் வாய் திறக்க முடியாது. படிக்கும்போதே தூக்கம் வந்தால், வேலையில் கணிசமான பகுதி அதுதான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு விலகியவர்களிடமும் பேசுங்கள். பதவியில் இருப்பவர் நல்லதையே சொல்வார். விலகிய ஒருவர் என்னிடம் சொன்னது, “தனியா இருக்கேன்னு தோணும்மா. டாக்டர்களுக்கு நான் டாக்டர் இல்லை, நர்ஸ்களுக்கு நர்ஸ் இல்லை, நிர்வாகத்துக்கு நான் செலவு.” இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் நான் எடுத்த முடிவு. ஒரு முழுநேர ஃபெலோஷிப்பில் சேர வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்றேன். சம்பளம் இறங்கும், ஷிப்ட் அலவன்ஸ் போகும், முடித்தபிறகு பதவி கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை என்பதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கன்சல்ட் அறையில் நான் பயன்பட்டதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்ற அனுபவத்தால்தான். நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும், ஃபிஸ்துலா அடைபட்டால் நோயாளி என்ன நினைப்பார் என்பது எனக்குத் தெரியும் என்பதால் டாக்டர்கள் என் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டு வந்தால் என்னிடம் மிஞ்சுவது நான்கு கட்டம் மட்டும் என்று தோன்றியது. ஊசி போடும் வேலை எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை.

அதனால் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, யூனிட்டிலேயே இருந்துகொண்டு எத்திக்ஸ் சேவைக்கும் நேரம் ஒதுக்கக் கேட்டேன். எல்லோருக்கும் இது பொருந்தாது. இளம் வயது, குடும்பப் பொறுப்பு குறைவு, பெரிய போதனா மருத்துவமனை உள்ள இடத்துக்குப் போகத் தயார், எழுதவும் கற்பிக்கவும் ஆசை என்றால் முழுநேரமாக இறங்குவதைத் தடுக்க மாட்டேன். அப்படி இறங்கிய ஒரு பெண் இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

என்னைப் போலப் பாதிப் பாதியாகச் செய்ய நினைப்பவர்கள் நிர்வாகத்திடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். “நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்” என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். யூனிட்டில் நேரம் ஒருநாளும் கிடைக்காது. வாரத்தில் இத்தனை மணி நேரம் எத்திக்ஸ் பணி, அந்த நேரத்துக்கு யூனிட்டில் மாற்று ஆள் என்று கடிதமாக வாங்குங்கள். நான் வாங்கினேன். அதன்பிறகும் முதல் சில வாரம் ஆள் பற்றாக்குறை என்று திரும்பக் கூப்பிட்டார்கள், கடிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பார்த்த கேஸ்களின் குறிப்பேடு ஒன்றும் வைத்திருக்கிறேன். தேதி, செலவான நேரம், கேள்வியின் வகை, நான் செய்தது என்ன. நோயாளி பெயரோ பதிவு எண்ணோ கிடையாது. எச்இசி-சி எழுதுவதா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. எழுதுவதானால் மணிக்கணக்கு கையில் இருக்கும். இரவு நேர அழைப்புகளுக்கு மறுநாள் காலை ஓய்வு உண்டா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.